பின் ஆக்சில் நேராக உட்கார வேண்டும்

நேயர்களுக்கு வணக்கம்.

கடலூர் துறைமுகத்திலிருந்து மீன் ஏற்றிக்கொண்டு கிளம்பும் பிக்கப் வண்டிகளைக் கொஞ்சம் பின்னாலிருந்து கவனித்துப் பாருங்கள். ஒன்றிரண்டு வண்டி நண்டு மாதிரி ஒருக்களித்துக்கொண்டே போகும். பின் சக்கரம் முன் சக்கரத்தின் தடத்தில் வராது. ஓட்டுகிறவர் ஸ்டியரிங்கை எந்நேரமும் ஒரு பக்கம் பிடித்தபடியே இருப்பார். அலைன்மென்ட் கடையில் முன் சக்கரத்தைச் சரிசெய்து அனுப்புவார்கள். ஸ்டியரிங் நேராகிவிடும், வண்டியின் நடை மாறாது. ஏனென்றால் கோளாறு பின் ஆக்சிலில், அதாவது இரண்டு பின் சக்கரமும் மாட்டியிருக்கும் அச்சில் இருக்கிறது.

வளைந்த இரும்புப் பட்டைகளை அடுக்கிய ஸ்பிரிங்கான கமான் பட்டை போட்ட வண்டியில் பின் ஆக்சிலைத் திருப்பிச் சரிசெய்ய ஒரு நட்டுகூடக் கிடையாது. மாட்டும்போது எங்கே உட்கார்ந்ததோ அதுதான் அலைன்மென்ட். கம்ப்யூட்டர் மெஷின் எத்தனை டிகிரி தவறு என்று சொல்லும். அதைத் திருத்துவது மெக்கானிக்கின் டேப்பும் தூக்குக்குண்டும்தான்.

ஆக்சிலையே மாற்ற வேண்டியவர்களுக்காக, முதலில் அதை வாங்குவதைப் பார்ப்போம். புதிதோ பழைய இரும்புக் கடையில் எடுத்ததோ, நான்கு அளவு பொருந்த வேண்டும்: சக்கரம் உட்காரும் முகத்திலிருந்து எதிர் முகம் வரை உள்ள அகலம், பட்டை உட்காரும் இரண்டு சீட்டுகளின் நடுவுக்கு நடு தூரம், சீட்டின் அகலம், பட்டைகளை ஒன்றாகக் கோக்கும் சென்டர் போல்ட்டின் தலை சீட்டில் இறங்கும் துளை. இந்தத் துளையை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். முட்டை வடிவத்தில் தேய்ந்திருந்தால் ஆக்சில் ஓரிடத்தில் நிற்காது, முன்னும் பின்னும் நகரும்.

அடுத்தது கிரவுன் பினியன் விகிதம், அதாவது ஆக்சிலுக்குள் இருக்கும் பெரிய பல்சக்கரமான கிரவுனுக்கும் அதைச் சுற்றும் சிறிய பல்சக்கரமான பினியனுக்கும் உள்ள பல் கணக்கு. கிரவுனில் 43 பல், பினியனில் 8 பல் என்றால் 5.375. கிரவுனில் 39 பல் என்றால் 4.875. ஆக்சிலின் வெளிக்கூடான ஹவுசிங்கைப் பிரிக்காமலும் இதைப் பார்க்கலாம். இரண்டு பின் சக்கரத்தையும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, ஒருவர் ஒரு சக்கரத்தை அசையாமல் பிடித்துக்கொள்ள, மறு சக்கரத்தைச் சரியாக இரண்டு சுற்று சுற்றுங்கள். கியர்பாக்ஸிலிருந்து ஆக்சிலுக்கு வரும் புரொபெல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றியதோ அதுதான் விகிதம். இரண்டு சக்கரத்தையும் ஒன்றாகப் பூட்டும் லாக்கிங் டிஃபரன்ஷியல் உள்ள ஆக்சிலுக்கு இந்த வழி ஆகாது. ஃபோர் வீல் டிரைவ் ஜீப் என்றால் முன் ஆக்சிலின் விகிதமும் இதுவாகவே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தார் ரோட்டில் நாலு சக்கரமும் பூட்டும்போது இரண்டு ஆக்சிலும் ஒன்றையொன்று இழுத்து, இரண்டுக்கும் சக்தியைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸ் அடிவாங்கும்.

சட்டத்தையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரம் தயாரிப்பாளர் தந்த அளவுக்கு முரணாகும்படி வண்டியை மாற்றக் கூடாது. அதே அளவு, அதே வகைப் பாகம் போடுவது பழுதுபார்ப்பு. அகலத்தை நீட்டுவது அப்படியல்ல.

இப்போது மாட்டும் வேலை. சமதளமான சிமெண்ட் தரை வேண்டும். சேஸிஸ் ஸ்டாண்டில் நிற்க, ஆக்சிலைப் பட்டையோடு சேர்த்து யூ போல்ட்டை கையால் முறுக்கும் அளவுக்கு மட்டும் போட்டுக்கொள்ளுங்கள். பட்டையின் முன் முனை வளையமான கண்ணில் உள்ள போல்ட்டிலிருந்து தூக்குக்குண்டு விட்டுத் தரையில் சாக்பீஸ் புள்ளி வையுங்கள். ஆக்சில் குழாயின் நடுவிலிருந்தும் அப்படியே. இரண்டு பக்கமும் இதே வேலை. வண்டியைப் பார்க்காமல் தரையில் உள்ள நான்கு புள்ளியை மட்டும் அளந்தால் போதும். இடது முன் புள்ளிக்கும் இடது ஆக்சில் புள்ளிக்கும் உள்ள தூரமும், வலது பக்கத் தூரமும் 3 மில்லிமீட்டருக்குள் ஒத்திருக்க வேண்டும். பிறகு குறுக்கே மூலைக்கு மூலை அளந்தால், அந்த இரண்டு தூரமும் ஒத்திருக்க வேண்டும். மனைக்கோல் போடும்போது கொத்தனார் மூலைமட்டம் பார்ப்பாரே, அதே கணக்குதான்.

3 மில்லிமீட்டருக்கு ஏன் இவ்வளவு கறார்? பட்டைகளுக்கு இடையே ஒரு மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பக்கம் 5 மில்லிமீட்டர் பின்னால் தள்ளியிருந்தால் ஆக்சில் சுமார் 0.29 டிகிரி திரும்பியிருக்கும். இரண்டரை மீட்டர் வீல்பேஸில் பின் சக்கரத் தடம் 12 மில்லிமீட்டருக்கு மேல் விலகும். ஆரம்பத்தில் சொன்ன நண்டு நடை இங்கேதான் பிறக்கிறது.

அளவு சரியாக இருந்தும் டயர் தேய்ந்தால் ஹவுசிங் வளைந்திருக்கலாம். சக்கர நடுவின் உயரத்தில், இரண்டு டயருக்கும் இடையே முன்பக்கமும் பின்பக்கமும் அளந்து பாருங்கள். 2 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஹவுசிங்கைச் சந்தேகிக்க வேண்டும். சீட்டைப் புதிதாக வெல்டிங் வைத்தவர்கள் ஒரே இழுப்பில் வெல்டிங் ஓட்டியிருந்தால் சூட்டில் குழாய் வளைந்துவிடும். 25 மில்லிமீட்டர் வைத்து, ஆறவிட்டு, எதிர்ப்பக்கம் வைத்து, இப்படித்தான் போக வேண்டும். எர்த் கிளாம்பை அதே குழாயில் வெல்டுக்குப் பக்கத்தில் பிடிக்கவும். கரண்ட் பேரிங் வழியாகப் பாய்ந்தால் பேரிங் போச்சு.

பலரும் தவறவிடும் இடம் பினியன் கோணம். பட்டையைக் கூட்டி வண்டியின் பின்பக்கத்தை உயர்த்தினால் பினியன் மூக்கு, அதாவது ஷாஃப்ட் வந்து மாட்டும் முனை, திசை மாறும். புரொபெல்லர் ஷாஃப்ட்டின் இரு முனையிலும் கோணத்திலும் சுற்றும் மூட்டான யுனிவர்சல் ஜாயிண்ட் ஒற்றையாக இருந்தால், கியர்பாக்ஸ் வெளிவரும் கோணமும் பினியன் கோணமும் இணையாக இருக்க வேண்டும். ஒரு டிகிரிக்கு மேல் மாறினால் 60 கிலோமீட்டர் வேகத்திலேயே வண்டியின் தரை நடுங்கும். திருத்துவதற்குப் பட்டைக்கும் சீட்டுக்கும் இடையே ஆப்புத் தகடு வைப்பார்கள். எந்தப் பக்கம் தடிப்பு என்பதில்தான் தகராறு. மூக்கை மேலே தூக்க வேண்டுமானால், ஆக்சில் பட்டைக்கு மேலே உட்காரும் வண்டியில் தடித்த முனை முன்னால். பட்டை ஆக்சிலுக்கு மேலே உட்காரும் வண்டியில் தடித்த முனை பின்னால். ஆப்பு வைத்ததும் சென்டர் போல்ட் தலை சீட்டுத் துளையில் எட்டுகிறதா என்று பாருங்கள். எட்டாவிட்டால் உயரத் தலை உள்ள போல்ட் போட வேண்டும்.

யூ போல்ட்டைப் பழையதை மாட்டவே கூடாது. ஒருமுறை இழுபட்டது திரும்பப் பிடிக்காது. நான்கு நட்டையும் குறுக்குமறுக்காக, மூன்று தவணையில், மேனுவல் சொல்லும் டார்க் (முறுக்கு விசை) வரை இறுக்குங்கள். சென்டர் போல்ட் உடைந்ததால் ஆக்சில் நகர்ந்தது என்பார்கள். பெரும்பாலும் நடப்பது மறுதலை: யூ போல்ட் தளர்ந்ததால் சென்டர் போல்ட் உடைகிறது.

பட்டைக் கண்ணில் உள்ள ரப்பர் புஷ்ஷின் போல்ட்டுகளைத் தூக்கிய நிலையில் இறுக்கினால், சக்கரம் தரையில் இறங்கும்போது ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும். வண்டியை இறக்கி, நாலைந்து தடவை அமுக்கி விட்டு, கடைசி இறுக்கு அப்போது. ரப்பரில் கிரீஸ் வேண்டாம், சோப்புத் தண்ணீர் போதும்.

சரக்கு வண்டிகளில் பின் ஆக்சிலுக்கும் சேஸிஸுக்கும் இடையே ஒரு கம்பி ஓடும். அது லோடு சென்சிங் வால்வு. பின்பக்கம் உயர்ந்தால் வால்வு வண்டி காலி என்று எண்ணி பின் பிரேக்கைக் குறைத்துவிடும். லோடு ஏற்றிய வண்டி நிற்க அதிக தூரம் எடுக்கும். பட்டை மாற்றியதும் கம்பியின் அளவை மேனுவல்படி மீண்டும் வைக்க வேண்டும். பிரேக் ஹோஸ் சக்கரம் முழுக்கத் தொங்கும்போதும் இழுபடக் கூடாது.

ஆயிலும், ஹவுசிங்கின் காற்றுத்துளையான பிரீதரும் சின்ன விஷயம், தொந்தரவு பெரிது. ஜிஎல்-5 தரத்து 80டபிள்யூ-90 கியர் ஆயிலை நிரப்பும் துளையில் வழியும்வரை ஊற்றுங்கள். பிரீதர் அடைத்தால் சூட்டில் காற்று விரிந்து ஆயில் சீல் வழியே கசிந்து பிரேக் லைனிங்கை நனைக்கும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரி, கடலூர்த் தெருக்களில் ஓடிய தண்ணீரை மறந்திருக்க மாட்டீர்கள். சூடான ஹவுசிங் குளிர்ந்த நீரில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கி, பிரீதர் வழியாகவும் சீல் வழியாகவும் தண்ணீரை இழுக்கும். மூழ்கிய வண்டியில் டிரெயின் பிளக்கைத் திறந்து பாருங்கள். பால் கலந்த காப்பி நிறத்தில் வந்தால் உடனே வடித்துவிடவும். பிரீதரில் ஒரு ரப்பர் ஹோஸைச் சேஸிஸ் உயரத்துக்கு ஏற்றிவிடலாம்.

மீன் வண்டிக்காரர்களுக்கு மட்டும் ஒன்று: ஐஸ் உருகி வழியும் உப்புத் தண்ணீர் நேராகப் பட்டையிலும் யூ போல்ட் நட்டிலும்தான் சொட்டும். ட்ரிப் முடிந்ததும் நல்ல தண்ணீரில் அடித்துக் கழுவுங்கள். தொட்டியின் வடிகாலுக்கு ஒரு குழாய் போட்டு, சொட்டு பட்டைக்கு வெளியே விழும்படி வையுங்கள்.

வேலை முடிந்ததும் 100 கிலோமீட்டர் ஓட்டி யூ போல்ட்டை மறுபடி இறுக்கவும். 500இல் இன்னொரு தடவை. இந்த 500க்கு வரச்சொன்னால் பலர் வருவதில்லை. சாக்பீஸால் நட்டுக்கும் பிளேட்டுக்கும் குறுக்கே ஒரு கோடு போட்டு அனுப்பினால், கோடு பிரிந்திருப்பதை ஓட்டுநரே பார்த்துக்கொள்வார்.

நன்றி, வணக்கம்.