முக்காலா, எட்டில் ஐந்தா?

நேயர்களுக்கு வணக்கம். பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர்ப் பகுதியில், தமிழ்வழி வகுப்புகளில் நெடுங்காலம் கணக்கு நடத்தியவன் நான். பின்னம் ஒரு மாணவருக்குப் புரிந்திருக்கிறதா என்பதை எப்படி அறிவது என்பதே இன்றைய பேச்சு.

மூன்றில் இரண்டு பெரியதா, நான்கில் மூன்று பெரியதா என்று ஐந்தாம் வகுப்பில் கேட்டேன். நான்கில் மூன்று என்று சரியாகச் சொன்ன ஒரு சிறுமியிடம் காரணம் கேட்டபோது, "மூணும் நாலும் பெரிய நம்பர் சார்" என்றாள். அவள் பின்னத்தைப் பார்க்கவில்லை. தொகுதியையும் பகுதியையும் தனித்தனி முழு எண்களாகவே பார்த்திருக்கிறாள். இத்தகைய விடைகளுக்கு எத்தனை ஆண்டுகள் முழு மதிப்பெண் போட்டிருக்கிறேன் என்று எண்ணும்போது இன்றும் வருத்தமாக இருக்கிறது. அதே சிறுமியிடம் நான்கில் மூன்றையும் எட்டில் ஐந்தையும் கொடுத்தேன். எட்டில் ஐந்தே பெரியது என்றாள். நான்கில் மூன்று என்பது எட்டில் ஆறு அல்லவா? தவறான எண்ணம் சரியான விடையில் போய் முடியாதபடி எண்களைத் தேர்ந்தெடுப்பதே வினா அமைப்பவரின் முதற்கடமை என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

1978இல் அமெரிக்காவின் தேசிய மதிப்பீட்டில், பதின்மூன்றில் பன்னிரண்டையும் எட்டில் ஏழையும் கூட்டினால் தோராயமாக எவ்வளவு என்று 13 வயது மாணவர்களிடம் கேட்டு, 1, 2, 19, 21 ஆகிய விடைகளைக் கொடுத்தார்கள். இரண்டு பின்னங்களும் ஏறக்குறைய ஒன்று என்பதால் விடை 2. அதைத் தேர்ந்தவர்கள் 24 விழுக்காட்டினரே; பாதிக்கு மேற்பட்டோர் தொகுதிகளையோ பகுதிகளையோ கூட்டி 19 அல்லது 21 என்றனர்.

நம் எல்லைப்புறப் பிள்ளைகளுக்குக் கால், அரை, முக்கால் ஆகிய சொற்கள் வீட்டுத் தமிழிலும் தெருவின் மலையாளத்திலும் ஒன்றாகவே கிடைக்கின்றன. இது பெரும் பேறு. ஆயினும், ஒன்றேகால் லிட்டர் பால் வாங்கிவரும் பிள்ளையே, கரும்பலகையில் நான்கில் ஐந்து என்று எழுதினால், "நாலு பங்குல அஞ்சு எப்படி சார் எடுக்கறது?" என்று கேட்கிறது. வட்டத்தில் நிழலிடும் வினாக்களை மட்டும் கேட்டுவந்தால் இந்தத் தடுமாற்றம் வெளிப்படாது. ஒரு கயிற்றில் சுழியத்தையும் ஒன்றையும் குறித்துக் கொடுத்து, நான்கில் ஐந்து எங்கே வரும் என்று கேளுங்கள். விரல் ஒன்றைத் தாண்டிப் போகிறதா என்று பாருங்கள்.

நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் இதற்கு நேரம் ஏது என்பீர்கள். விடைக்குக் கீழே 'ஏனென்றால்' என்று தொடங்கி ஒரு வரி எழுதச் சொல்லி, நாளுக்கு ஐந்து குறிப்பேடுகளை மட்டும் பொறுமையாகப் படித்தாலும், எட்டே பள்ளி நாட்களில் வகுப்பு முழுவதையும் பார்த்துவிடலாம்.