பத்தடி அறையில் மிக்சிங்: முதலில் ஹெட்போனா, ஸ்பீக்கரா?

[காட்சி: படுக்கையறை. மேசையில் லேப்டாப், மைக்.]

வணக்கம். வீட்டிலேயே பாட்டு பதிவு செய்யத் தொடங்கியவர்கள், கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் நல்ல ஸ்பீக்கர் வாங்கத்தான் ஆசைப்படுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். முதலில் உங்கள் அறையைப் பார்ப்போம்.

[திரையில்: எதிரெதிர்ச் சுவர்கள், நடுவே ஓர் ஒலி அலை.]

முன்சுவருக்கும் பின்சுவருக்கும் இடையே பத்தடி என்று வைத்துக்கொள்வோம். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. கணக்குப் போட்டால், சுமார் 56 ஹெர்ட்ஸ் ஒலி அந்தச் சுவர்களுக்கு நடுவே மாட்டிக்கொள்ளும். தாழ்ந்த சுரங்களை வாசிக்கும் பேஸ் கிட்டாரின் ஏ தந்தி 55 ஹெர்ட்ஸ். அதை மீட்டினால் சுவரோரம் இருப்பவருக்குக் காதை அடைக்கும். அறையின் நட்டநடுவில் இருப்பவருக்கு அதே சுரம் பாதி காணாமல் போகும். நடுவில் உட்கார்ந்து மிக்ஸ் செய்பவர், அதாவது பதிவான குரலையும் கருவிகளையும் அளவு பார்த்துக் கலப்பவர், பேஸ் (தாழ்ந்த ஒலி) போதவில்லை என்று ஏற்றிக்கொண்டே போவார். அப்புறம் அதைக் காரில் போட்டால் கதவு அதிரும். எவ்வளவு விலை கொடுத்து ஸ்பீக்கர் வாங்கினாலும் இது மாறாது.

ஹெட்போனில் அறை குறுக்கே வராது. அதனால்தான் முதலில் ஹெட்போன் என்கிறேன்.

[காட்சி: இரண்டு ஹெட்போன்கள் அருகருகே.]

பாடிப் பதிவு செய்ய, காதை மூடும் குளோஸ்டு பேக் வகை. தாளம் தவறாமலிருக்கக் காதில் ஓடும் கிளிக் சத்தம் மைக்கில் எளிதில் கசியாது. 1991இல் வந்த சோனி எம்டிஆர்-7506 இன்றும் பல ஸ்டூடியோக்களில் இருக்கிறது. மிக்சிங்குக்கு, சென்ஹைசர் எச்டி 600 போன்ற, பின்புறம் திறந்திருக்கும் ஓபன் பேக் வகை. ஆனால் அதன் மின்தடை 300 ஓம். மைக்கையும் ஹெட்போனையும் லேப்டாப்போடு இணைக்கும் உங்கள் ஆடியோ இன்டர்ஃபேஸ் அதற்குப் போதிய சத்தம் தருகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

ஹெட்போனுக்கும் ஒரு குறை உண்டு. இடது பக்கச் சத்தம் வலது காதுக்குப் போகாது. அதனால் பாட்டு நிஜத்தைவிட அகலமாகத் தெரியும். இதைச் சரிபார்க்கத்தான் ஸ்பீக்கர். சின்ன அறைக்கு ஐந்து அங்குல ஸ்பீக்கர் தாராளம். இனிமையாகக் கேட்கிறதா என்று பார்த்து வாங்காதீர்கள். 1978இல் வீட்டு உபயோகத்துக்காக வந்த யமஹா என்எஸ்-10 பேஸில் மெலிந்தது. ஆனாலும் குரல் பகுதியின் குறைகளை ஒளிக்காமல் காட்டியதால் உலகெங்கும் ஸ்டூடியோக்களில் இடம் பிடித்தது.

[காட்சி: ஸ்பீக்கர்கள், நாற்காலி, முக்கோணக் கோடு.]

இரண்டு ஸ்பீக்கரும் உங்கள் தலையும் சமபக்க முக்கோணமாக இருக்கட்டும். ஸ்பீக்கரில் உச்ச ஒலிகளைத் தரும் சின்ன வட்டமான ட்வீட்டர் காது உயரத்தில் வரட்டும். மூலையில் வைக்க வேண்டாம். நன்கு பழகிய பாட்டு ஒன்றைப் போட்டு, மொத்த அமைப்பையும் முன்னும் பின்னும் அரையடி அரையடியாக நகர்த்திக் கேளுங்கள். பேஸ் சுரங்கள் ஏறக்குறைய ஒரே அளவில் கேட்கும் இடம் கிடைத்ததும், நாற்காலிக் காலடியில் டேப் ஒட்டிவிடுங்கள்.