கையெழுத்துப் போட ஓர் ஆள்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். பதின்ம வயதுப் பிள்ளையைத் தலைநிமிர வைப்பது பெற்ற உறவா, பற்றிய கையா என்பது தலைப்பு. என் பக்கம், பற்றிய கை; அதாவது, யாராக இருந்தாலும் விடாமல் கைபிடித்துக் கூட நிற்பவர்.

எதிரணித் தோழர், "அப்பா அம்மா இல்லாத பிள்ளை விழுந்தால் எழுவது கஷ்டம்" என்றார். அக்கறையோடுதான் சொன்னார். ஆனால் அநாதை என்ற சொல்லையே பாருங்கள். நாதன் இல்லாதவர், காப்பார் இல்லாதவர் என்றுதானே பொருள்? பெற்றோரைப் பற்றி அந்தச் சொல்லில் பேச்சே இல்லையே!

நான் பிளஸ் டூ வகுப்பாசிரியை. என் வகுப்பில் காப்பகத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி இருக்கிறாள். அவளுடைய ரேங்க் கார்டில் 'பெற்றோர் கையொப்பம்' என்ற இடத்தில் ஒவ்வொரு தேர்வுக்கும் ஒவ்வொரு கையெழுத்து. வார்டன்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். மாறாதவர் அங்கே சமைக்கும் அக்கா ஒருவர்தான். கணக்கில் இவள் தோற்ற அன்று பள்ளிக்கே வந்து, "அடுத்த தடவை பாஸாகிடுவா டீச்சர்" என்றார். பாஸானாள். இன்னொருவன், அப்பாவும் அம்மாவும் வீட்டில் இருப்பவன். அவன் கார்டில் எப்போதும் ஒரே கையெழுத்து. அதைப் போடுவது அவனேதான் என்று ரொம்பத் தாமதமாகத்தான் கண்டுபிடித்தேன். அந்த வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை.

இது என் வகுப்புக் கதை மட்டும் இல்லை. ஹவாயின் கவாய் தீவில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை உளவியல் ஆய்வாளர் எம்மி வெர்னரின் குழுவினர் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களில் சுமார் 200 பேர் வறுமை, குடி, குடும்பச் சண்டை என்று பல சுமைகளோடு வளர்ந்தவர்கள். பெரும்பாலோர் பெற்றோர் உள்ளவர்களே. அந்த 200 பேரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் திடமாக எழுந்து நின்றார்கள். அவர்களிடம் பொதுவாக இருந்தது என்ன? விடாமல் கூட நின்ற ஒரு பெரியவர். சிலருக்கு அது அம்மாதான், மறுக்கவில்லை. மற்றவர்களுக்குப் பாட்டி, அத்தை, ஆசிரியர்.

சரி, 18 வயதானால் இந்தப் பெண் காப்பகத்தை விட்டுக் கிளம்ப வேண்டும். 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் 21 வயது வரை உதவிக்கு இடம் தருகிறது. அது வேண்டும்தான். ஆனால் ராத்திரி பத்து மணிக்கு மனசு உடைந்தால் யாருக்குப் போன் செய்வாய் என்று கேட்டேன். யோசிக்காமல் அக்காவின் நம்பரைச் சொன்னாள்.

அதே கேள்வியை அந்தப் பையனிடமும் கேட்டேன். வெகுநேரம் யோசித்துவிட்டு, "யாரும் இல்ல மிஸ்" என்றான்.

எதிரணியினர் அவனுக்குப் பதில் சொல்லட்டும். நன்றி.