மனசுக்குப் பட்டது

(வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். எனக்குக் கொடுத்த தலைப்பு, ‘வாழ்க்கையின் பெரிய முடிவுகளில் உள்மனசை நம்பலாமா?’ என்பது. அழைப்பிதழில் அந்தக் கேள்விக்குறி அச்சாகவில்லை. ‘நம்பலாம்’ என்று நான் முடித்துவைப்பேன் என நினைத்து வந்தவர்கள் இருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். நான் 31 வருடம் நர்ஸாக இருந்தவள். உள்மனசை நம்பி ஒரு உயிரைக் காப்பாற்றியும் இருக்கிறேன், அதே உள்மனசை நம்பிப் பணத்தைத் தண்ணீரில் போட்டும் இருக்கிறேன். இரண்டையும் சொல்கிறேன்.

முதலில் வார்டு. சிசேரியன் முடிந்து மாலை ஆறு மணிக்கு வந்த ஒரு பெண். எனக்கு நைட் டியூட்டி. பத்தரை மணிக்குப் பார்த்தபோது பிபி 110/70, நாடி கொஞ்சம் வேகம், அவ்வளவுதான். கேஸ் ஷீட்டைப் பார்த்தால் ஒரு குறையும் சொல்ல முடியாது. அடுத்த கட்டிலுக்குப் போனேன், ஊசி போட்டேன், கால் திரும்ப அவளிடமே வந்து நின்றது. தண்ணீர் கேட்டாள். போர்வையை விலக்கினாள், இழுத்தாள், மறுபடி விலக்கினாள். கையைத் தொட்டேன், சில்லென்று இருந்தது. டியூட்டி டாக்டரை எழுப்பினேன். “என்ன சிஸ்டர், பிபி நார்மல்தானே?” என்றார். “நார்மல்தான் சார், ஆனா இந்தப் பொண்ணு சரியில்லை” என்றேன். அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நல்ல மனிதர், எழுந்து வந்தார். வயிற்றுக்குள் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. நள்ளிரவுக்குள் மறுபடி தியேட்டருக்கு எடுத்துப் போனோம், பிழைத்துக்கொண்டாள்.

விடிந்த பிறகு டீ குடிக்கும்போதுதான் எனக்கு விளங்கியது. வார்டுக்கு வந்ததிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை “பாப்பா எங்க சிஸ்டர்?” என்று கேட்டுக்கொண்டே இருந்தவள், ஒன்பதரை மணிக்கு மேல் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. பெற்றவள் பிள்ளையைக் கேட்பதை நிறுத்திவிட்டாள். என் காது அதைக் குறித்து வைத்திருந்தது, அந்த நேரத்தில் என் புத்திக்குத்தான் தெரியவில்லை.

உடனே கை தட்டிவிடாதீர்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் ஒரே ராத்திரியில் டாக்டரை நான்கு தடவை எழுப்பி, நான்கு தடவையும் ஒன்றுமில்லாமல் போய், வார்டே கேட்கத் திட்டு வாங்கியவளும் நான்தான். அன்றும் என் மனசு ‘ஏதோ சரியில்லை’ என்றுதான் சொன்னது. அது வெறும் பயம். பயமும் உள்ளுணர்வும் ஒரே குரலில்தான் பேசுகின்றன, அதுதான் சங்கடம். அந்த நான்கு திட்டும், அதற்குப் பிறகு வாங்கிய நூறு திட்டும் சேர்ந்துதான் பின்னாளில் அந்தக் கையைச் சில்லென்று உணரவைத்தன.

கேரி க்ளைன் என்று ஓர் அமெரிக்க உளவியலாளர். தீயணைப்புப் படைத் தலைவர்களிடம் உட்கார்ந்து, ‘எப்படி முடிவெடுத்தீர்கள்?’ என்று துருவித் துருவிக் கேட்டவர். ஒருவர் சொன்ன கதை இது. வீட்டின் சமையலறையில் தீ. உள்ளே போய்த் தண்ணீர் அடிக்கிறார்கள், அடங்கவில்லை. தலைவருக்கு என்னவோ போல் இருக்கிறது, எல்லோரையும் வெளியே வரச் சொல்கிறார். வந்த கொஞ்ச நேரத்தில் அவர்கள் நின்ற தரை இடிந்து உள்ளே விழுகிறது. தீ இருந்தது அடியில், நிலவறையில். தனக்கு ஏதோ அமானுஷ்ய சக்தி இருப்பதாகவே அந்த மனிதர் நம்பிக்கொண்டிருந்தார். க்ளைன் கிளறக் கிளறத்தான் விஷயம் வெளியே வந்தது. சமையலறைத் தீ ஒன்றுக்கு அந்த அறையில் சூடு அதிகமாக இருந்தது, சத்தம் குறைவாக இருந்தது. இத்தனை வருடம் பார்த்த தீயோடு இந்தத் தீ ஒத்துப்போகவில்லை. குறைமாதக் குழந்தைகள் பிரிவு நர்ஸுகளிடமும் இதே மாதிரி கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். குழந்தைக்குக் கிருமித் தொற்று வருவதை அவர்கள் கண்டுபிடித்த அடையாளங்களில் சில அன்றைய பாடப் புத்தகத்திலேயே இல்லை. இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் கர்வமாகத்தான் இருந்தது.

உள்ளுணர்வு ஆளை ஏமாற்றும் என்ற கட்சியில் இருந்தவர் டேனியல் கானமன், 2002இல் பொருளாதார நோபல் வாங்கியவர். எதிரும் புதிருமான இந்த இருவரும் சேர்ந்து 2009இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். சண்டை போட உட்கார்ந்து, பெரும்பகுதி ஒத்துப்போய் எழுந்தார்கள். அவர்கள் கேட்பது இரண்டு. நீங்கள் புழங்கும் துறையில் ஒரு ஒழுங்கு இருக்கிறதா? சரி, தப்பு தெரிந்து தெரிந்து அதில் நீண்ட காலம் பழகியிருக்கிறீர்களா? இரண்டுக்கும் ‘ஆமாம்’ என்றால் மனசை நம்பலாம். ‘எனக்கு உறுதியாகத் தோன்றுகிறதே’ என்பது கணக்கில் வராது. தப்பானவனுக்கும் உறுதியாகத்தான் தோன்றும்.

நம் ஊரில் உள்ளுணர்வு என்றதும் எல்லோரும் ராமானுஜனைத்தான் கொண்டுவருவார்கள். நாமகிரித் தாயார் கனவில் வந்து சூத்திரம் சொன்னாள் என்பார்கள். அவரே அப்படிச் சொன்னதாகக் கேள்வி, நான் மறுக்க வரவில்லை. ஆனால் காகிதம் வாங்கக் கட்டுப்படியாகாமல் சிலேட்டில் போட்டுப் போட்டு முழங்கையால் அழித்த கணக்குகளையும் அந்தத் தாயார் பார்த்துக்கொண்டுதானே இருந்திருப்பாள்? சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்துகொண்டு 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு அவர் எழுதிய முதல் கடிதத்தில் இன்னொன்றும் இருக்கிறது. ஓர் எண்ணுக்குள் எத்தனை பகா எண்கள் இருக்கும் என்று சொல்ல வழி கண்டிருப்பதாகவும், அதில் வரும் பிழை பொருட்படுத்தத் தக்கதல்ல என்றும் எழுதினார். அது சரியில்லை. சின்ன எண்களில் அழகாகப் பொருந்திய கணக்கு, எண்கள் பெரிதாகப் பெரிதாக அவர் சொன்ன துல்லியத்தில் நிற்கவில்லை. பகா எண்களின் போக்கைப் பிடிக்க வேண்டிய கணிதப் பகுதி அன்று அவர் கைக்கு வந்திருக்கவில்லை. அதே மனசு, அதே தாயார். பழகிய இடத்தில் அவள் பேசியது பலித்தது, பழகாத இடத்தில் பலிக்கவில்லை.

ராமானுஜன் கடல் தாண்டி இங்கிலாந்து போக எடுத்த முடிவும் அப்படித்தான். கனவு வந்தது, கிளம்பினார் என்று கதை சொல்வோம். ஹார்டி முதலில் அழைத்தபோது மறுத்தார். கிட்டத்தட்ட ஒரு வருடம் கடிதங்கள் போய் வந்தன, கேம்பிரிட்ஜிலிருந்து நெவில் என்ற கணித அறிஞர் சென்னைக்கு வந்து நேரில் பேசினார், 1914 மார்ச் 17இல்தான் கப்பல் ஏறினார். ஒரு வருடம் ஊறிய பிறகு வந்த கனவு அது.

இப்போது என் மனை. 1998. ஒரு மே மாதச் சாயங்காலம் தரகர் கூட்டிப்போய்க் காட்டினார். ஒரு வேப்பமரம், நல்ல காற்று, கிழக்குப் பார்த்த மனை. கால் வைத்ததும் மனசு குளிர்ந்துவிட்டது. ‘இதுதான் நம் இடம்’ என்று உள்ளே ஒரு குரல், அன்று ராத்திரி வார்டில் கேட்டேனே, அச்சு அசலாக அதே குரல். வீட்டுக்காரர் இன்னும் இரண்டு மூன்று இடம் பார்க்கலாம் என்றார். “எனக்குப் பட்டால் தப்பாது” என்று அந்த சிசேரியன் கதையைச் சொல்லியே அவர் வாயை அடைத்தேன். பத்திரம் சுத்தம், வில்லங்கம் எதுவும் இல்லை. பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா மட்டும், “மழைக்கு ஒருக்கா வந்து பாரு தாயி” என்றாள். தரகர் சிரித்தார், நானும் சிரித்தேன். நவம்பரில் போனேன். ஏரி நிறைந்து கலங்கல் வழிந்தால் தண்ணீர் போகிற வழி அது. வேப்பமரம் முழங்கால் தண்ணீரில் நின்றது.

அந்த இடத்தைப் பற்றிய உள்ளுணர்வு அன்று அங்கே இருந்தது. அது ஆட்டுக்காரம்மாவிடம் இருந்தது. நான் வாழ்நாளில் வாங்கிய முதல் மனை அது, என் மனசு எங்கே போய் எதைக் கற்றுக்கொண்டு வந்திருக்கும்? வீடு, கல்யாணம், வேலையை விடுவது எல்லாம் நாம் ஒரு தடவை, மிஞ்சினால் இரண்டு தடவை செய்பவை. தப்பு தெரிய வருவதற்கே பத்து வருடம் ஆகிவிடுகிறது. வார்டில் தப்பு விடிவதற்குள் தெரிந்துவிடும்.

கடைசியாக ஒன்று. என் மகளுக்கு ஒரு வரன் வந்தது. ஜாதகம், சம்பளம், குடும்பம் எல்லாம் பொருந்தி வந்தன. அவளும் “உங்க இஷ்டம்மா” என்றாள். பூ போட்டுப் பார்க்கலாம் என்று மாமியார் பிடிவாதம் பிடித்தார். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை, இருந்தும் மூன்று பேரும் கோயிலுக்குப் போனோம். வெள்ளைப் பூ வந்தால் முடிப்பது, சிவப்பு வந்தால் விடுவது. சந்நிதியில் விளையாடிக்கொண்டிருந்த ஒரு சின்னப் பிள்ளையைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னோம். வாழை இலைப் பொட்டலம், நாரால் கட்டியது, முடிச்சு இறுகிப்போய் அவிழ்க்கவே நேரமாயிற்று. அவ்வளவு நேரமும் நான் பூவைப் பார்க்கவில்லை, மகளைப் பார்த்தேன். வெள்ளை நந்தியாவட்டை. மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“அம்மா, இன்னொரு தடவை எடுக்கலாமா?” என்றாள்.

மாப்பிள்ளைப் பையனைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, அரை மணி நேரம் பார்த்தவன். இந்தக் குரலை 26 வருடமாகக் கேட்கிறேன். பொட்டலத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, “வேண்டாம், வா போகலாம்” என்றேன். பஸ்ஸில் வரும் வழியெல்லாம், மாப்பிள்ளை வீட்டுக்கு என்ன காரணம் சொல்வது என்றுதான் மூன்று பேரும் பேசிக்கொண்டு வந்தோம்.