மகனுக்கு முன்னால் கேட்காதீர்கள்

சபையோருக்கு வணக்கம். முதியோருக்கு நடக்கும் கொடுமைகளை எண்ணுவதில் ஆய்வுலகம் ஓரளவு தேறிவிட்டது. தடுப்பதில் இன்னும் தேறவில்லை. 2017இல் 28 நாடுகளின் 52 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். அறுபது தாண்டியவர்களில் ஏறத்தாழ ஆறுக்கு ஒருவர் முந்திய ஒரு வருடத்துக்குள் ஏதோவொரு கொடுமைக்கு ஆளாகியிருந்தார். அடி உதை 2.6 வீதம்தான். ஏச்சும் அவமதிப்பும் 11.6, பணம் சொத்தைச் சுரண்டுவது 6.8, கவனிக்காமல் விடுவது 4.2. காயத்தை மட்டும் தேடிப் போனால் பெரும்பங்கு தப்பிவிடும். மறதி நோயாளரைப் பல ஆய்வுகள் தொடக்கத்திலேயே விலக்கிவிடுகின்றன. ஆபத்து கூடியவர்களோ அவர்கள்தான்.

வன்னியில் கணக்கெடுக்கப் போகும் பிள்ளைகளே, மகனோ மருமகளோ பக்கத்தில் நின்றால் “எனக்கென்ன குறை தம்பி, பிள்ளையள் நல்லாப் பாக்கினம்” என்றுதான் பதில் வரும். போரில் மற்றப் பிள்ளைகளைப் பறிகொடுத்து, மிஞ்சிய ஒன்றின் கையை நம்பியிருக்கும் ஆச்சி அதைக் காட்டிக்கொடுக்கமாட்டார். கிணற்றடியிலோ வேலியோர வேப்பமர நிழலிலோ, காது கேட்கும் பக்கமாக இருந்து கேளுங்கள். “துன்புறுத்தல்” என்ற சொல்லே வேண்டாம். “உங்கடை கொடுப்பனவை ஆர் எடுத்து வாறது? கையிலை எவ்வளவு தருவினம்?” “காணிக் கடதாசியிலை கையெழுத்து வைக்கச் சொல்லி ஆரும் நெருக்கினவையோ?” “மருந்தையோ கண்ணாடியையோ ஆரும் எடுத்து வைச்சவையோ?” மருத்துவர்களுக்கென்று கனடாவில் உருவான ஆறு கேள்விப் படிவமும் இப்படித்தான் நடந்ததைக் கேட்கிறது. ஐந்தை முதியவர் சொல்வார். ஆறாவது மருத்துவர் தன் கண்ணால் பார்ப்பது: மெலிவு, அழுக்கு உடை, முகம் பார்த்துப் பேசாமை, தோலில் இரத்தம் கன்றிய கண்டல்.

கண்டல் பற்றி ஒன்று. கலிபோர்னியாவில் 2005இல் வெளிவந்த ஆய்வில், தற்செயலாக வந்த கண்டல்களில் ஏறத்தாழ 90 வீதம் கை கால்களில் இருந்தன. கழுத்திலும் காதிலும் ஒன்றுமில்லை. அந்த இடங்களில் கண்டால் நின்று விசாரியுங்கள். நிறத்தை வைத்து நாள் கணிக்கவேண்டாம், பிழைக்கும்.

எந்தத் தலையீடு பலன் தருகிறது? 2016இல் செய்த முறையான மீளாய்வில் தேறியவை ஏழே ஆய்வுகள். உறுதியாகச் சொல்ல அவை போதவில்லை. இலங்கையில் சட்டம் இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, பராமரிக்காத பிள்ளைக்கு எதிராகப் பராமரிப்புச் சபையில் கோரலாம். அடித்தால் 2005இன் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். ஆனால் ஆச்சி சம்மதியாமல் மகனிடம் போய் நியாயம் கேட்காதீர்கள். அன்றிரவு நீங்கள் அங்கே இருக்கமாட்டீர்கள். படிவத்தில் பெயர் எழுதாமல் இலக்கம் மட்டும் இடுங்கள், பெயர்ப்பட்டியலை வேறாகப் பூட்டி வையுங்கள்.