கடற்பஞ்சும் வில்தலைத் திமிங்கிலமும்

அவையிலுள்ள ஆசிரியர்களே, உயர்தர வகுப்பு மாணவ மாணவியரே, வணக்கம்.

மேசையிலிருக்கும் இந்தத் தவிட்டுநிறப் பொருளைச் சென்ற வாரம் கல்லடிக் கடற்கரையில் எடுத்தேன். அலை ஒதுக்கிய கடற்பஞ்சு இது; கலங்கள் அழிந்து நார்வலை மட்டும் எஞ்சியிருப்பதால் கையில் பாரமே தெரியவில்லை. இதனோடு, ஆர்க்டிக் சமுத்திரத்தில் 18 மீற்றர் வரை வளர்ந்து 75 தொன்னையும் தாண்டும் வில்தலைத் திமிங்கிலத்தை ஒப்பிடப்போகிறேன் என்றபோது, ஒப்பிட என்ன இருக்கிறது என்று நண்பர் ஒருவர் கேட்டார். இரண்டுக்கும் தொழில் ஒன்றுதான்: கடல்நீரை வடித்து உண்பது.

திமிங்கிலம் வடிக்கும் விதம் நமக்குப் புதிதல்ல. வாவியில் கூனி பிடிப்பவர் அத்தாங்கை நீருக்குள் தள்ளிக்கொண்டு நடப்பதுபோல, அது வாயைத் திறந்தபடி, மனிதர் நடப்பதிலும் மெதுவாக நீந்துகிறது. மேல்தாடையில் பற்களுக்குப் பதிலாகப் பக்கத்துக்கு ஏறத்தாழ 300 தகடுகள் தொங்குகின்றன. நம் நகத்திலுள்ள கெரற்றின் புரதத்தாலான அவற்றில் மிக நீண்டவை 4 மீற்றரை நெருங்கும். முன்னால் புகும் நீர் பக்கங்களால் வெளியேற, கூனியிலும் சிறிய உயிரிகள் தகடுகளின் உட்பக்க நாரில் சிக்குகின்றன.

கடற்பஞ்சோ இருந்த இடத்திலேயே இருந்து, நீரைத் தனக்குள் வரவழைக்கிறது. அதற்கு இரைப்பையோ நரம்போ தசையோ இதயமோ இல்லை. அது தாவரமா விலங்கா என்ற வாதம் நெடுங்காலம் நடந்து, விலங்கே என்று முடிந்தது. 1825இல் எடின்பரோவில் றொபேட் கிராண்ட் என்ற விலங்கியலாளர் உயிருள்ள கடற்பஞ்சொன்றை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து, அதன் பெரிய துளையிலிருந்து நீர் இடைவிடாது பீறிடுவதைக் கண்டார்.

அந்த ஓட்டத்தை விளங்கிக்கொள்ள மட்டக்களப்பாரைவிடத் தகுதியானவர் யார்? ஆறு வாவிக்குள் விரிந்ததும் மந்தமாகிறது. அதே நீர் முகத்துவாரத்தின் ஒடுக்கத்தில் விரைந்து கடலில் பாய்கிறது. கடற்பஞ்சின் நுண்துளைகளால் நுழையும் நீரும் எண்ணற்ற சிற்றறைகளில் பரவி வேகம் குறைகிறது. அங்கே சாட்டைபோன்ற இழையை அசைத்து நீரை இழுக்கும் கலங்கள், அந்த இழையைச் சூழ்ந்த நுண்வேலியால் பற்றீரியாக்களைப் பிடித்து உண்கின்றன. பின்னர் எல்லா நீரும் ஒரு வாயிலில் சேர்ந்து வேகமாக வெளியேறுவதால், வடித்த நீரே திரும்பவும் உள்ளே வருவது குறைகிறது. இதயமில்லாத ஓருடலுக்குள் இத்தனை நுட்பமான நீரியல் அமைந்திருப்பது என்னை இன்றும் வியக்கவைக்கிறது.

உடலின் கட்டுக்கோப்பில்தான் இரண்டும் முற்றாகப் பிரிகின்றன. 1907இல் வில்சன் என்ற அமெரிக்க விலங்கியலாளர் கடற்பஞ்சை நுண்ணிய பட்டுத்துணியால் பிழிந்து கலங்களாக உதிர்த்தார்; அவை ஊர்ந்து ஒன்றுசேர்ந்து மீண்டும் கடற்பஞ்சாயின. திமிங்கிலமோ வெப்பம் காக்கும் தடித்த கொழுப்புப் படையும் ஓயாத இதயமும் இன்றி ஒருநாளும் வாழ இயலாதது.

ஆயினும் ஆயுளில் இரண்டும் மீண்டும் அருகே வருகின்றன. 2007இல் அலாஸ்காவில் பிடிபட்ட வில்தலைத் திமிங்கிலமொன்றின் உடலில் 19ஆம் நூற்றாண்டில் செய்யப்பட்ட ஈட்டித்துண்டு இருந்தது. இவ்வினம் 200 ஆண்டுகளையும் தாண்டி வாழும். ஆழ்கடலின் கண்ணாடிக் கடற்பஞ்சொன்றின் வயதோ ஏறத்தாழ 11,000 ஆண்டுகள் என மதிப்பிடப்பட்டுள்ளது.

இப்போது இந்தக் கடற்பஞ்சை முன்வரிசைக்குத் தருகிறேன். நார் முறியாமல் கைமாற்றுங்கள். ஒருபக்கத்தில் விரல் நுழையுமளவு துளையொன்று இருக்கும், அதுவே இதன் முகத்துவாரம்.