பிள்ளையின் பிடிவாதம்: பிறவிக் குணமா, வளர்ப்புப் பழக்கமா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, பிள்ளை குட்டிகளோடு வந்து உட்கார்ந்திருக்கும் வில்லாபுரத்துச் சொந்தங்களே, வணக்கம். பிடிவாதம் வளர்ப்பில் வரும் பழக்கம் என்பது எங்கள் அணி.

எனக்கு முன்னால் பேசிய அண்ணன், "பிடிவாதம் ரத்தத்தில் வருவது. தாத்தா எப்படியோ பேரன் அப்படி" என்றார். கைதட்டலும் வாங்கினார். சரி, அந்தத் தாத்தாவையே சாட்சிக் கூண்டில் ஏற்றுகிறேன். அவர் என் அப்பா. உசிலம்பட்டியிலிருந்து வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்.

போன வருஷம் மதுரையில் சித்திரைத் தேரோட்டம். மாசி வீதியில் என் நான்கு வயது மகன் பீப்பி கேட்டான். வேண்டாம் என்றார் அப்பா. வேட்டியைப் பிடித்து இழுத்துக் கேட்டான். வேண்டாம். தார் ரோட்டில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி எறிந்து கத்தினான். "சனம் பார்க்குதம்மா, வாங்கித் தொலை" என்று இருபது ரூபாயை நீட்டினார். மறுநாள் தல்லாகுளத்தில் அழகரை வரவேற்கும் எதிர்சேவை. பலூன்காரரைப் பார்த்ததும் பையன் கேட்கவே இல்லை, நடுவர் அவர்களே. நேராக உட்கார்ந்து செருப்பைக் கழற்றினான். ஒரே நாளில் ரத்தம் மாறிவிட்டதா?

அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் எலிகளை வைத்துச் சோதனை செய்தவர். எலி நெம்புகோலை அழுத்தினால் ஒரு தீனி உருண்டை விழும். அந்த உருண்டைகளை அவரேதான் செய்ய வேண்டும். ஒரு சனிக்கிழமை கையிருப்பு தீர்கிற நிலை. உருட்டி மாளாது என்று, ஒவ்வொரு அழுத்தலுக்கும் கொடுப்பதை விட்டு நிமிடத்துக்கு ஒன்று என்று குறைத்தார். எலி சளைக்கவில்லை, அழுத்திக்கொண்டே இருந்தது. இப்படி விட்டு விட்டுக் கிடைத்துப் பழகியது, கொடுப்பதை அடியோடு நிறுத்தினாலும் லேசில் ஓயாது என்பது பின்னால் தெளிவானது. நாமும் ஒன்பது தடவை முடியாது என்று சொல்லிவிட்டுப் பத்தாவது தடவை கொடுக்கிறோம். கண்டிப்பாக இருந்ததாக நமக்கு நினைப்பு. பத்து தடவை கேட்க வேண்டும் என்று பிள்ளைக்குக் கணக்கு.

நமக்கும் ஒரு தீனி உருண்டை உண்டு. வாங்கிக் கொடுத்ததும் அழுகை நிற்கிறதே, அந்த நிம்மதிதான் அது. அமெரிக்காவின் ஆரிகனில் உளவியலாளர் ஜெரால்ட் பேட்டர்சன் குழுவினர் வீடு வீடாகப் போய் உட்கார்ந்து இதைக் குறித்தார்கள். டிவி போடக் கூடாது, எல்லோரும் இரண்டு அறைக்குள் இருக்க வேண்டும் என்று நிபந்தனை. யார் கத்தினார், அடுத்து யார் என்ன செய்தார் என்று சில விநாடிக்கு ஒரு தடவை குறிப்பு. (நம் வீட்டில் ஒருவர் நோட்டோடு உட்கார்ந்தால் முதல் நாள் எல்லோரும் தங்கம்தான். அவர்கள் பல நாள் போனார்கள்.)

தாமஸ், செஸ் என்ற மனநல மருத்துவத் தம்பதியையும் அண்ணன் இழுத்தார். 1956-ல் நியூயார்க்கில் தொடங்கிய ஆய்வு. கைக்குழந்தையிலேயே சுபாவம் வேறுபடும், ஏறக்குறைய பத்தில் ஒரு பிள்ளை சமாளிக்கக் கடினம் என்றது. ஒப்புக்கொள்கிறேன். இரண்டு பெற்றவளுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் அந்தச் சுபாவத்துக்கு வீடு எப்படி ஈடுகொடுக்கிறது என்பதைப் பொறுத்தே பின்னால் சிக்கல் வருவதும் வராததும் என்று அதே தம்பதிதான் சொன்னார்கள். அந்தப் பாதியை அண்ணன் விழுங்கிவிட்டார்.

"எல்லாம் பழக்கம் என்று சொல்லி, குழந்தைக்கு எலியைக் காட்டி அழவைத்த கூட்டம்தானே உங்கள் கூட்டம்?" என்றும் எதிரணியில் கேட்டார்கள். உண்மைதான். 1920-ல் அமெரிக்க உளவியலாளர்கள் வாட்சனும் ரேய்னரும், ஒரு வயதுகூட நிரம்பாத ஆல்பர்ட் என்ற குழந்தை வெள்ளெலியைத் தொடப் போகும்போது, முதுகுக்குப் பின்னால் இரும்புத் தண்டைச் சுத்தியலால் அடித்தார்கள். அப்புறம் முயலைக் கண்டும் அழுதான். அந்தப் பயத்தைப் போக்காமலேயே அனுப்பிவிட்டார்கள். அது பாவம். அதற்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. ஆனால் 1924-ல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர் என்ன செய்தார்? முயலைக் கண்டு நடுங்கிய பீட்டர் என்ற சிறுவன் சாப்பிடும் நேரத்தில், முயல் கூண்டை நாளுக்கு நாள் கொஞ்சம் பக்கத்தில் நகர்த்தினார். கடைசியில் அவனே அதைத் தடவிக் கொடுத்தான். பழக்கத்தால் பயத்தைப் போக்கவும் முடியும்.

என் வீட்டுக்கே வருகிறேன். காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம், அவன் புரண்டு அழும்போதெல்லாம் ஒரு கோடு போட்டேன். முதல் வாரம் எதையும் மாற்றாமல் எண்ண மட்டும் செய்தேன். இல்லாவிட்டால் கூடியதா குறைந்ததா என்று எப்படித் தெரியும்? 19 கோடு. இரண்டாம் வாரம் முதல், புரண்டால் கிடையாது, வாயால் கேட்டால் முடிந்ததைத் தருவது. 27 கோடு! வழக்கமாகத் திறக்கும் கதவு திறக்காவிட்டால் யாரும் இன்னும் ஓங்கித்தானே தட்டுவார்கள்? பலரும் கைவிடுவது இந்த வாரத்தில்தான். பல்லைக் கடித்துக்கொண்டேன். நான்காம் வாரம் 6.

ஐந்தாம் வாரம் அப்பா வந்தார். 15.

அவர் உசிலம்பட்டி பஸ் ஏறிய பிறகு 5. ஆராய்ச்சியாளர்கள் வேண்டுமென்றே முறையை நிறுத்தி, பழையது திரும்புகிறதா என்று பார்ப்பார்கள். அந்த வேலையை எனக்கு அப்பாவே செய்து கொடுத்தார். ஒரு பிள்ளையை வைத்து ஊருக்கே தீர்ப்பு எழுத முடியாது என்பீர்கள், சரிதான். ஆனால் அந்த ஆறு வாரமும் அதே பிள்ளை, அதே ரத்தம், அதே தாத்தா.

மணி அடித்துவிட்டார் நடுவர். உட்காருகிறேன். அப்பா, மடியில் இருப்பவன் இன்னும் எதுவும் கேட்கவில்லை. சட்டைப் பையிலிருந்து அந்தப் பீப்பியை எடுக்காதீங்க.